‘வேணும்’ என்பதும் ‘விசுவாசிக்கிறேன்’ என்பதும்

போன மாதம் பேத்திக்கு ஞானஸ்நானம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் பலரும் வந்திருந்தார்கள்; எதிர்வீட்டு அண்ணாச்சியும் வந்தார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெல்லையப்பர் கோயிலுக்குப் போகாத வெள்ளிக்கிழமை அவருக்குக் கிடையாது. எங்கள் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் கவனித்துக்கொண்டிருந்தார். மறுநாள் சாயங்காலம் டீ குடிக்க வந்தபோது கேள்வியோடுதான் வந்தார்.

“தம்பி, ஐயர் பிள்ளை தலையில தண்ணி ஊத்துததுக்கு முன்னால எல்லாரும் எந்திரிச்சு நின்னு எதையோ கடகடன்னு ஒப்பிச்சீங்கள்லா? பாட்டும் இல்ல, ஜெபம் மாதிரியும் தெரியல. அது என்னது?”

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைக்காரர்களுக்கு சர்ச் ‘கோயில்’தான், குருவானவர் ‘ஐயர்’தான். அண்ணாச்சிக்கு அந்தப் பேச்செல்லாம் பழகிப்போனது. இந்தக் கேள்வி மட்டும் புதிது.

அவர் கவனித்தது சரி. ஜெபம் என்றால் கடவுளைப் பார்த்துப் பேசுவது. இது கடவுளைப் பற்றி, பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி சொல்வது. பெயர் விசுவாசப் பிரமாணம். மந்திரிகள் பதவிப் பிரமாணம் எடுக்கிறார்களே, அதே சொல்தான். கத்தோலிக்கர் நம்பிக்கை அறிக்கை என்பார்கள். முழுதாகச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் போதும். ‘நீ என்னதான் நம்புகிறாய்?’ என்று யாராவது கேட்டால் ஒரு கிறிஸ்தவனிடம் தயாராக இருக்கும் பதில் அதுதான்.

“அப்ப விளக்கமாவே சொல்லுங்க, எனக்கு ஒரு அவசரமும் இல்ல” என்றார். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

இயேசுவின் சீடர்கள் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வரி சொல்லி இதை உண்டாக்கினார்கள் என்று பழைய கதை ஒன்று உண்டு. இதற்கு அப்போஸ்தலர் பிரமாணம் என்றும் பெயர்; அந்தப் பெயருக்குப் பொருத்தமான கதை. ஆனால் வரலாறு அப்படி இல்லை. ஆதியில் ரோமாபுரியில் ஞானஸ்நானம் பெற வருகிறவரைத் தண்ணீரில் நிறுத்தி மூன்று கேள்வி கேட்பார்கள். பிதாவை நம்புகிறாயா, குமாரனை நம்புகிறாயா, பரிசுத்த ஆவியை நம்புகிறாயா. ஒவ்வொன்றுக்கும் ‘நம்புகிறேன்’ என்று சொன்னதும் ஒரு முழுக்கு. அந்தக் கேள்வி பதில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, எட்டாம் நூற்றாண்டு வாக்கில் இன்று நாங்கள் சொல்லும் வடிவத்துக்கு வந்தது. ஆகவே பிரமாணம் பிறந்ததே ஞானஸ்நானத் தண்ணீரில்தான். பேத்திக்காக நாங்கள் அதைச் சொன்னபோது அது தன் பிறந்த வீட்டில்தான் இருந்தது.

அதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்த கதை நம் கடற்கரையில் நடந்தது. 1535-க்கும் 1537-க்கும் இடையில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். கடலில் எதிரிகளின் தொல்லை தாங்கவில்லை. போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆனால் ஞானஸ்நானம் கிடைத்த அளவுக்குப் போதனை கிடைக்கவில்லை. 1542-ல் போதிக்க வந்த பிரான்சிஸ் சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் அவர் மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்களை உட்காரவைத்துப் பிரமாணத்தையும் ஜெபங்களையும் தமிழாக்கி, தானே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு ஊருக்குள் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரமாணத்தைக் கூறு கூறாகச் சொல்லி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பாராம். கூடியிருப்பவர்கள் கைகளைச் சிலுவைபோல மார்பில் வைத்துக்கொண்டு பதில் சொல்வார்களாம். அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இன்னொரு கடிதம் இதைவிட ருசியானது. 1544-ல், தம்மோடு ஊழியம் செய்த பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதுகிறார். பிரமாணத்தில் நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் அதுவரை ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்று பொருளாகிறது, அதை எடுத்துவிட்டு ‘விசுவாசம்’ என்று சொல்லும்படி திருத்தம் சொல்கிறார். அதாவது, கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக, கடவுள் எனக்கு வேணும் என்று கடற்கரை முழுக்க ஜனங்கள் கையை மார்பில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்!

அண்ணாச்சி குலுங்கிச் சிரித்ததில் டம்ளர் தளும்பியது. “பாஷை தெரியாம வந்தா அந்தப் பாடுதான்” என்றார்.

சிரிப்பு அடங்கியதும் அந்த ‘விசுவாசம்’ என்ற சொல்லிலிருந்தே ஆரம்பித்தேன். விசுவாசமான வேலைக்காரன், நாய்க்கு இருக்கிற விசுவாசம் என்றெல்லாம் நாம் சொல்கிறோம். அங்கே அதற்கு மாறாமல் கூட நிற்பது என்று பொருள். கோயிலில் சொல்லும்போதும் அந்தப் பொருள்தான் முன்னால் வரவேண்டும். கடவுள் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வது பெரிய காரியம் இல்லை. பிசாசும் ஒத்துக்கொள்ளும் என்று எங்கள் வேதத்திலேயே இருக்கிறது. விசுவாசம் என்பது ஒருவர் கையில் நம்மைக் கொடுப்பது. ஞானஸ்நானத்தில் என் மருமகள் பிள்ளையை ஐயர் கையில் கொடுத்தாள் அல்லவா? தன் கையை எடுப்பதற்கு முன்னால் ஒரு நொடி தயங்கினாள். ஐயரின் கை பிள்ளையின் தலைக்குக் கீழே சரியாகப் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டாள். அந்த ‘விட்டாள்’ இருக்கிறதே, அதுதான் விசுவாசம்.

பிரமாணத்தின் முதல் பகுதி பிதாவைப் பற்றியது, சின்னது. வானத்தையும் பூமியையும் படைத்தவர், சர்வ வல்லவர், ஆனாலும் தகப்பன். இதில் அண்ணாச்சிக்கு மறுப்பு இல்லை. பெயர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகத்தில் அவர் தம்பிரான். பழைய கத்தோலிக்கருக்குச் சர்வேசுரன். பப்ரீசியஸ் ஐயர் மொழிபெயர்த்த வேதத்தில் பராபரன். இன்று எங்களுக்குத் தேவன், கத்தோலிக்கருக்குக் கடவுள். இந்தப் பகுதியில் நான் இறுகப் பிடித்துக்கொள்வது ஒன்று உண்டு: அவர் படைத்தது நல்லது. மண்ணும் உடம்பும் அழுக்கல்ல, மாயையும் அல்ல.

இரண்டாவது பகுதிதான் நீளம். இயேசு கிறிஸ்து யார்? இங்கேதான் சபை அந்தக் காலத்தில் கட்டிப் புரண்டது. அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்று ஒரு குருவானவர். குமாரன் எவ்வளவு உயர்ந்தவராக இருந்தாலும் படைக்கப்பட்டவர்தான், பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்றார். சண்டை முற்றவே, 325-ல் கான்ஸ்டன்டைன் பேரரசன் ஆயர்களை நிசேயாவில் கூட்டினான். இன்றைக்குத் துருக்கியில் இஸ்னிக் என்று அழைக்கப்படும் ஏரிக்கரை ஊர் அது. குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று அங்கே முடிவாயிற்று. நிசேயா பிரமாணம் என்று நாங்கள் நற்கருணை ஆராதனையில் சொல்வது அங்கே பிறந்து, 381-ல் கான்ஸ்டான்டிநோப்பிளில் கூடிய சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நீளமான பிரமாணம்.

“உசத்தி, சமம்னு இதுல என்ன தம்பி இருக்கு? பெரியவர்தானே ரெண்டு பேரும்?”

அண்ணாச்சி, துட்டி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நமக்கு நெருங்கிய ஒருவர் வீட்டில் சாவு. மாலையைக் கொடுத்து ஆளை அனுப்பினால் மரியாதைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் தானே வந்து, திண்ணையில் தரையில் உட்கார்ந்து, பேசாமல் கூட இருந்தால்? அது வேறு. ஆரியுஸ் சொன்னபடி என்றால் கடவுள் நம் துட்டிக்கு ஆள் அனுப்பினார். நிசேயா சொல்வது, தானே வந்தார் என்று. நான் கிறிஸ்தவனாக இருப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. போன வருஷம் அவர் வீட்டில் ஒரு துட்டி நடந்தது.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்றால் மூன்று கடவுளா என்று எல்லாரும் கேட்பார்கள். அண்ணாச்சியும் மும்மூர்த்திகள் மாதிரியா என்றார். இல்லை. படைக்க ஒருவர், காக்க ஒருவர் என்ற வேலைப் பங்கீடும் இல்லை. சண்டே கிளாஸில் எங்களுக்குத் தண்ணீர், பனிக்கட்டி, ஆவி என்று உதாரணம் சொல்லித்தந்தார்கள். வெகுநாள் கழித்துத்தான் அது தப்பான உதாரணம் என்று தெரிந்தது. ஒரே தண்ணீர் ஒரு நேரத்தில் ஒன்றாகத்தானே இருக்கும்? யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்ற இயேசு தண்ணீருக்குள் நிற்கிறார், ஆவி புறாவைப் போல இறங்குகிறது, மேலே இருந்து பிதாவின் குரல் கேட்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: கடவுள் ஒருவரே, ஆனால் தனியாள் அல்ல. உலகம் உண்டாவதற்கு முன்னாலேயே அவருக்குள் கொடுப்பதும் பெறுவதுமாக அன்பு இருந்தது. இதற்கு மேல் உதாரணம் தேடினால் தப்பில்தான் போய் முடியும்.

கன்னிமரியாளிடத்தில் பிறந்தார் என்ற வரியில் காலேஜ் நாட்களில் எனக்குத் தொண்டை அடைக்கும். வாயை மட்டும் அசைத்திருக்கிறேன். இன்று சொல்கிறேன். மனுஷன் திட்டம் போட்டுக் கொண்டுவந்தவர் அல்ல அவர், கொடுக்கப்பட்டவர் என்று அந்த வரி எனக்குச் சொல்கிறது.

அடுத்த வரிக்கு அண்ணாச்சியே வந்துவிட்டார். “நடுவுல பிலாத்துன்னு ஒரு பேரு காதுல விழுந்துச்சே. அவன்தானே இயேசுவுக்குத் தண்டனை கொடுத்தவன்? பச்சப்பிள்ளைக்குச் சடங்கு நடக்கையில அவன் பேரு எதுக்கு?”

நான் பிறந்ததிலிருந்து சொல்லிவரும் வரி. இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. இயேசுவைத் தவிரப் பிரமாணத்தில் பெயர் சொல்லப்படும் மனிதர்கள் இரண்டே பேர். பெற்றவள் ஒருத்தி, கொல்லக் கொடுத்தவன் ஒருவன். பிலாத்து, கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம ஆளுநர். பேதுருவின் பெயர் இல்லை, பவுலின் பெயர் இல்லை, இவன் பெயர் இருக்கிறது. ஏனென்றால் அது ஒரு தேதி முத்திரை. தபாலாபீஸ்காரருக்கு இது உடனே பிடிபட்டது. ‘ஒரு ஊரில் ஒரு காலத்தில்’ என்று தொடங்கும் கதை அல்ல, இன்ன ஆட்சியில், இன்னான் அதிகாரத்தில் இருந்தபோது நடந்தது என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். 1961-ல் இஸ்ரேலில் செசரியா கடற்கரையில் பழைய ரோம அரங்கத்தைத் தோண்டிய இத்தாலிய ஆய்வாளர்களுக்கு ஒரு சுண்ணாம்புக் கல் கிடைத்தது. எங்கிருந்தோ பெயர்த்து வந்து படிக்கல்லாகப் போட்டிருந்த கல். அதில் லத்தீன் எழுத்தில், பாதி சிதைந்து, பிலாத்துவின் பெயர். தீர்ப்பு எழுதியவன் பெயரை ஜனங்கள் மிதித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இந்த வரியிலும் சவேரியார் ஒரு திருத்தம் சொன்னார். கிறிஸ்து பட்ட பாட்டைச் சொல்லும் இடத்தில், பலவந்தத்தினாலே என்று பொருள்படும் ஒரு சொல் வந்துவிட்டதாம். அதை நீக்கச் சொல்கிறார். அவர் மனமுவந்து பாடுபட்டார், பலவந்தத்தால் அல்ல என்று விளக்கம் வேறு. சிலுவையைப் பற்றி ஆயிரம் புத்தகம் இருக்கிறது. எனக்கு அந்த ஒரு சொல் திருத்தம் போதும். ரோமாபுரி ஆணி அடித்தது உண்மை. ஆனால் அவர் அங்கே இருந்தது ஆணியினால் மட்டும் அல்ல.

பிறகு மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், பாதாளத்தில் இறங்கினார் என்று வரும். பாதியிலே திரும்பவில்லை, சாவின் அடிமட்டம் வரைக்கும் போனார் என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் நாள் எழுந்தார் என்ற வரியில்தான் எல்லாம் நிற்கிறது அல்லது விழுகிறது. அது நடக்கவில்லை என்றால் எங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே எழுதிவிட்டார். கொரிந்து சபைக்கு அவர் அதை எழுதியது சம்பவம் நடந்து சுமார் இருபத்தைந்து வருஷத்துக்குள். பார்த்த சாட்சிகளில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். கல்லறை காலியாக இருந்ததை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நான்கு சுவிசேஷமும் சொல்கின்றன. பெண் சாட்சிக்கு மதிப்புக் கொடுக்காத காலம் அது. கதை கட்டுகிறவன் அந்தச் சாட்சிகளைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான். இதெல்லாம் நிரூபணம் ஆகாது என்று எனக்குத் தெரியும். நம்புவதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

“எல்லாம் சரி, பிறந்தாரு, செத்தாருன்னா, நடுவுல அவர் செஞ்சது ஒண்ணும் இல்லையா அதுல?” இதுவும் நியாயமான கேள்வி. பிரமாணத்தில் மலைப்பிரசங்கம் இல்லை, குஷ்டரோகியைத் தொட்டது இல்லை, ஊர் ஒதுக்கியவர்களோடு பந்தியில் உட்கார்ந்தது இல்லை, ஊதாரிப் பிள்ளையை ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தகப்பனின் கதை இல்லை. மரியாளிடமிருந்து ஒரே தாவலில் பிலாத்துவிடம் போகிறது. பிரமாணம் கோலத்தின் புள்ளி மாதிரி. புள்ளி தவறினால் கோலம் கோணிப்போகும். ஆனால் புள்ளி மட்டும் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனால் வாசலில் கோலம் எங்கே?

புள்ளியோடு நின்றுவிட்ட வெட்கம் எங்களுக்கு உண்டு. பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறேன் என்று சொன்ன கையோடு, பொதுவான சபையையும் பரிசுத்தவான்களின் ஐக்கியத்தையும் விசுவாசிக்கிறேன் என்போம். ஐக்கியம் எப்படி இருந்தது? 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று எழுதியதும் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே போனார்கள். வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு கூடமாக இரட்டைக் கூடம் வைத்துக் கோயில் கட்டினார்கள். 1910-ல் நடுத்தடுப்பை எடுத்ததற்கு வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை ஐக்கியம் என்று வாய் சொல்லும். கல்யாணப் பேச்சு வந்தால் நாக்கு புரண்டுவிடும். அண்ணாச்சியிடம் இதை மறைக்க ஒன்றும் இல்லை. அவருக்கு எங்கள் ஊர்க் கதை எல்லாம் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, அடுத்த வரி பாவமன்னிப்பு. இதை விளக்க மொய் நோட்டைக் கையில் எடுத்தேன். கல்யாண வீட்டில் மேசை போட்டு எழுதுகிறோம்: இன்னார், இவ்வளவு. நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். நம் பழக்கவழக்கம் பெரும்பாலும் மொய் நோட்டுதான். கடவுளிடமும் அப்படியே பழகுகிறோம், இவ்வளவு செய்தேன், இவ்வளவு தா என்று. கிருபை என்று நாங்கள் சொல்வது நோட்டில் எழுதாத மொய். திருப்பிக் கொடுக்க வழியில்லாத அளவுக்குப் பெரிது என்பதால் எழுதவில்லை. நல்லவனாக நடந்து அதைச் சம்பாதிக்க முடியாது; வாங்கிக்கொண்டதனால் நல்லவனாக நடக்கலாம். நேற்று ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்ன நல்லது செய்தது? தூங்கிக்கொண்டிருந்தது; தண்ணீர் பட்டதும் வீறிட்டது.

“அதுக்கு ஒண்ணுமே தெரியாதே. வெவரம் வந்த பொறவு கொடுக்கப்படாதா?” சில சபைகள் அப்படித்தான் செய்கின்றன; அவர்களிடமும் நியாயம் உண்டு. எங்கள் வழக்கம், பிள்ளைக்காகப் பெற்றவர்களும் ஞானத்தாய் தகப்பன்மாரும் சொல்வது. வளர்ந்து, திடப்படுத்தல் ஆராதனையில் ஆயர் முன்னால் தன் வாயால் தானே சொல்லும். அதுவரைக்கும் நாங்கள் அதற்காகச் சொல்லி வைத்திருக்கிறோம்.

கடைசியில் சரீர உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும். மறுபிறவி அல்ல; உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆத்துமா மட்டும் பறந்துபோவதும் அல்ல. இந்தக் கையும் முகமும் கொண்ட இதே ஆள், புதிதாக. படைத்தது நல்லது என்று முதல் வரியில் சொன்னவர் கடைசியிலும் அதைக் கைவிடமாட்டார். உடம்பு முக்கியம் என்று நம்பியவர்கள்தான் ஆஸ்பத்திரி கட்டினார்கள்; இதே பாளையங்கோட்டையில் 1897-ல் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் அம்மாள் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார்.

இந்த வரியை நான் சொல்ல முடியாமல் நின்ற நாள் ஒன்று உண்டு. அப்பாவை அடக்கம் செய்த அன்று. கோயிலில் பெட்டி முன்னால் இருக்கிறது. எல்லாரும் எழுந்து பிரமாணம் சொல்கிறோம். சரீர உயிர்த்தெழுதல் என்ற இடத்துக்கு வந்தபோது எனக்குக் குரல் எழும்பவில்லை. பெட்டிக்குள் அப்பாவின் கை தெரிந்தது. ஐம்பது வருஷம் சுண்ணக்கட்டி பிடித்த விரல்கள். என்னைச் சுற்றி இருநூறு பேர் அந்த வரியைச் சொல்லி முடித்தார்கள். ‘விசுவாசிக்கிறேன்’ என்பது ஒருமைதான். ஆனால் அன்று அத்தனை பேரும் எனக்கும் சேர்த்துச் சொன்னார்கள். வாய் திறக்கத் தெரியாத பேத்திக்கு நாங்கள் சொன்ன மாதிரி.

டீ ஆறிப்போயிருந்தது. அண்ணாச்சி எழுந்து செருப்பை மாட்டியவர், வாசலில் நின்றார்.

“அன்னைக்கு உங்க அப்பா பெட்டிக்கு முன்னால, விசுவாசிக்கிறேன்னு வாய் வரலேல்லா தம்பி. உள்ளுக்குள்ள என்னதான் சொன்னீங்க?”

யோசித்துப் பார்த்தேன். அப்பா வேணும் என்றுதான் சொன்னேன்.

“அப்ப அந்தக் கடக்கரைச் சனங்க ஒண்ணும் தப்பாச் சொல்லிரல” என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார்.